ஞாயித்துக்கிழம ஐஆர் கிளாஸ், 3,500 ரூவா: போலாமா வேணாமா

மொதல்லயே சொல்லிர்றேன், சென்டர் பேரு போடல. போன வருஷம் வேற ஒரு டெஸ்ட் பேட்ச் பத்தி எழுதுனதுக்கே ஃபோன் மேல ஃபோன் போட்டு தம்பி அத தூக்கிருங்கன்னு உயிர எடுத்துட்டாய்ங்க. மதுரை தெப்பக்குளத்துல இருந்து நடந்து போற தூரம், ரெண்டாவது மாடி, அவ்வளவுதான் சொல்வேன். யூபிஎஸ்சி, குரூப் 1 ரெண்டுக்கும் சேத்து ஞாயித்துக்கிழம மட்டும் ஐஆர், அதான் சர்வதேச உறவுகள் கிளாஸ், காலைல 10ல இருந்து 1.30 வரைக்கும், ஆறு வாரம், 3,500 ரூவா, ரெக்கார்டிங் வேணும்னா தனியா 500. நான் வாரம் பூரா ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைல கணக்கு எழுதுறவன், ஞாயிறு ஒரு நாளுதான் நமக்கு, அதனால சேந்தேன்.

கெட்டத மொதல்ல முடிச்சிர்றேன்.

சேரு. எழுதுறதுக்கு பலகை வச்ச சேருதான், ஆனா அம்புட்டும் வலது கைக்காரங்களுக்கு. எனக்கு இடது கை. மூணரை மணி நேரம் இடுப்ப முறுக்கி ஒக்காந்து எழுதிட்டு திங்கக்கிழம கடைல கீழ் ரேக்குல இருக்குற பில் புக்க குனிஞ்சு எடுக்க முடியல. ஆபீஸ்ல சொன்னேன், பாத்துக்கலாம் தம்பின்னாங்க, ஆறு வாரமும் பாத்துக்கிட்டேதான் இருந்தாங்க. ரெக்கார்டிங்குக்கு 500 கட்டுனேன், மூணாவது வாரத்து வீடியோ மட்டும் இன்னைக்கு வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கு, எந்த கிளாஸ திரும்ப கேக்கணும்னு காசு கட்டுனேனோ கரெக்டா அதே கிளாஸு. மெட்டீரியல் ஸ்பைரல் போட்டு குடுத்தாங்க, ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது, மேப்புல கடல் எது சைனா எதுன்னு தெரியல, எல்லாம் ஒரே கருப்பு. அதவிட மோசம் உள்ள இருக்குற தப்பு. அணு ஆயுத பரவல் தடை ஒப்பந்தம், அதான் என்பிடி, 1968ல அமலுக்கு வந்துச்சுன்னு போட்டிருக்கு. 1968ல கையெழுத்துக்கு வச்சாய்ங்க, அமலுக்கு வந்தது 1970 மார்ச் 5. ரெண்டு வருஷத்தையும் பக்கத்து பக்கத்து ஆப்ஷனா வச்சான்னா நம்ம கத முடிஞ்சது, மைனஸ் மார்க் வேற. சார்கிட்ட கொண்டு போய் காட்டுனேன், "இது நான் எழுதுனது இல்லய்யா, அடிச்சு திருத்திக்க"ன்னு சிரிச்சாரு.

இனிமே சார் பத்தி. 3,500ல 3,000 அவருக்குன்னு வச்சுக்கங்க.

ரிட்டயர்ட் புரொபசர், உசிலம்பட்டி பக்கம், எழுவது வயசு இருக்கும். பிபிடி கெடையாது, ஸ்லைடு கெடையாது. மூணாவது வாரம் தலைப்பு அணு ஆயுதம். எல்லாரும் நோட்ட விரிச்சு வச்சு எழுத ரெடியா இருக்கோம், மனுசன் பையில இருந்து கிழிச்ச தினசரி காலண்டர் தாளா எடுத்து ஆளுக்கொண்ணு குடுக்குறாரு. முன்பக்கம் ராகுகாலம் எமகண்டம், பின்பக்கம் நீல மையில அவரு கையெழுத்து. நாட்டு பேரு இருக்காது, வருஷமும் நெலமையும் மட்டும் இருக்கும். அஞ்சு நிமிஷம் டைம், குண்டு செய்வியா மாட்டியா, ஏன், எந்திரிச்சு சொல்லணும். அன்னைக்கு இருபத்தி நாலு பேரு இருந்தோம், தாளு பன்னெண்டு, ரெண்டு பேருக்கு ஒண்ணு.

எனக்கும் பக்கத்துல இருந்த பயலுக்கும் வந்த தாளு இப்பவும் பர்ஸுல இருக்கு. "1994. உங்க நாடு பொறந்து மூணு வருஷம். பழைய வீடு ஒடஞ்சு பாகம் பிரிச்சதுல உங்க மண்ணுல சுமார் 1,900 பெரிய குண்டு நின்னுபோச்சு. உலகத்துல மூணாவது பெரிய குவியல். ஆனா ஏவுறதுக்கான ரகசிய கோட் நம்பர் பழைய தலைநகரத்துல இருக்கு. கஜானா காலி. மூணு பெரிய நாடு வந்து, அத குடுத்துரு, ஒன் எல்லைய மதிப்போம்னு எழுதி கையெழுத்து போடுறேங்கிறான். என்ன செய்வ?"

ரெண்டு நிமிஷத்துல முடிவு பண்ணிட்டோம். சாவியே நம்மகிட்ட இல்லாத லாரிய வாசல்ல நிறுத்தி காவல் காத்து எதுக்கு, குடுத்துட்டு காசு வாங்குவோம். எந்திரிச்சு நல்லா கெத்தா சொன்னேன், நாலு பேரு தலையக்கூட ஆட்டுனாய்ங்க. சார் ஒண்ணும் சொல்லல, பையில இருந்து இன்னொரு தாள எடுத்து என் கையில குடுத்து சத்தமா படின்னாரு. "2014. கையெழுத்து போட்ட மூணு பேருல ஒருத்தன் வந்து ஒரு துண்ட எடுத்துக்கிட்டான். 2022 பிப்ரவரி 24, மிச்சத்துக்கும் வந்துட்டான்." அப்பத்தான் ஒறச்சது அது உக்ரைன்னு. கிளாஸே கம்முனு ஆயிருச்சு, கீழ ஷேர் ஆட்டோக்காரன் அனுப்பானடி அனுப்பானடின்னு கத்துறது மட்டும் கேக்குது.

அந்த காயிதத்துல என்னதான் இருந்துச்சுன்னு ஒரு அக்கா கேட்டாங்க, பேங்க்ல வேல பாக்குறவங்க, லோன் பத்திரம் படிச்சு பழகுன கண்ணு போல. புடாபெஸ்ட் குறிப்பாணை, 1994 டிசம்பர் 5. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் மூணு பேரும் கையெழுத்து. எல்லைய மதிப்போம், ஒம்மேல படைய ஏவ மாட்டோம்னு இருக்கு, ஒருவேள யாராச்சும் அணு ஆயுதத்த வச்சு ஒன்னைய மிரட்டுனா ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு கொண்டு போவோம்னும் இருக்கு. அடிச்சா நாங்க வந்து சண்ட போடுவோம்னு ஒரு வரி கெடையாது. அந்த பாதுகாப்பு சபையில வீட்டோ, அதான் எந்த தீர்மானத்தையும் ஒத்த ஆளா தடுக்குற ஓட்டு, வச்சிருக்கவன்ல ஒருத்தன் யாரு, அதே ரஷ்யா. அக்கா "ஜாமீன் கையெழுத்து இல்லாத பத்திரம்"னாங்க, சார் அத அப்படியே போர்டுல எழுதுனாரு. அதே மூச்சுல இன்னொண்ணும் சொன்னாரு, இது நமக்கு நியாயமா பட்டுச்சு: உக்ரைன் அன்னைக்கு குடுக்காம வச்சிருந்தாலும் அந்த கோட் நம்பர் கைக்கு வர்றதுக்குள்ள ரெண்டு பக்கமும் நெருக்கியிருப்பாய்ங்க, பணமும் வந்திருக்காது, அதனால 94ல எடுத்த முடிவ முட்டாத்தனம்னு லேசுல சொல்லிராதன்னு. ஆனா பாத்துக்கிட்டு இருக்குற மத்த நாட்டுக்காரன் இந்த நுணுக்கத்தையெல்லாம் படிக்க மாட்டான், குடுத்தான், அடிபட்டான், அம்புட்டுத்தான் அவன் மனசுல நிக்கும்.

மேலூர்ல இருந்து வர்ற பொண்ணுக்கு லிபியா. 2003 டிசம்பர்ல, வேணாம்ப்பா எல்லாத்தையும் ஒப்படைக்கிறேன்னு கடாபி அறிவிச்சாரு. அவருகிட்ட குண்டு இல்ல, பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான் கூட்டத்துக்கிட்ட வாங்குன சாமான்தான், பாதி பெட்டியே பிரிக்காதது. 2011ல உள்நாட்டு கலவரம், அமெரிக்கா, ஐரோப்பா ராணுவ கூட்டணி நேட்டோ குண்டு போட்டுச்சு, அக்டோபர்ல ஆள கொன்னுட்டாய்ங்க. அதே வருஷம் மார்ச்லயே வட கொரியா வெளியுறவுத்துறை இத பாத்து அறிக்கை விட்டுச்சு, ஆயுதத்த வாங்கிட்டு அடிக்கிறாய்ங்க பாருங்கங்கிற அர்த்தத்துல. இன்னொரு ஜோடிக்கு ஈராக். 1981ல இஸ்ரேல் விமானம் வந்து ஓசிராக்ங்கிற அணு உலைய, அதான் ரியாக்டர, இடிச்சுட்டு போச்சு, 2003ல பேரழிவு ஆயுதம் வச்சிருக்கான்னு சொல்லி அமெரிக்கா உள்ள பூந்துச்சு, தேடி பாத்தா ஒண்ணும் இல்ல. இல்லாதவன அடிச்சாய்ங்க. 2006 அக்டோபர் 9 வெடிச்சு காட்டுன வட கொரியாவ? 2018ல சிங்கப்பூர்ல கூப்ட்டு கை குலுக்குனாய்ங்க.

இங்கதான் கிளாஸ் நல்லா சூடு புடிச்சது. நாங்கல்லாம் கேட்டது ஒரே கேள்விதான், ஒப்பந்தம் இருக்கு, பொருளாதார தடை இருக்கு, ஐஏஇஏன்னு சர்வதேச அணுசக்தி முகமையோட இன்ஸ்பெக்ஷன் இருக்கு, செஞ்சா அடி விழும்னும் தெரியும், அப்புறம் எந்த தைரியத்துல எறங்குறாய்ங்க? சார் போர்டுல ஒரு கோடு இழுத்தாரு. இந்த முனை ஆசப்பட்ட நாளு, அந்த முனை குண்டு கைக்கு வந்த நாளு. நடுவுல இருக்குற காலந்தான் ஆபத்து, அடி விழுறது பூரா அங்கதான். 1981ல ஈராக்குக்கு விழுந்தது, 2007ல சிரியாவுல ரியாக்டர இடிச்சது, 2025 ஜூன்ல ஈரான்ல நடான்ஸ், ஃபோர்டோ, இஸ்ஃபஹான்ல விழுந்தது எல்லாமே நடுக்கோட்டுல நின்னவனுக்கு. அந்த முனைக்கு போய்ட்டவன ஒருத்தனும் போய் இடிக்கல. அப்ப மெரட்டல் என்ன சொல்லி குடுக்குது? செய்யாதன்னா, இல்ல வெரசா செய், மறைச்சு செய்யின்னா? இத கேட்டுட்டு அவரு பாட்டுக்கு டீ குடிக்க போய்ட்டாரு.

(டீ பத்தி ஒரு வரி. சென்டர்ல டீ கெடையாது, ஆனா கீழ எறங்குனா தள்ளுவண்டில பருத்திப்பால் கெடைக்கும், சுக்கும் கருப்பட்டியும் சரியா இருக்கும், அந்த அண்ணே 11.30க்கு மேல நிக்க மாட்டாரு, பிரேக் விட்டதும் ஓடிருங்க.)

திரும்பி வந்ததும் நானே கேட்டேன், அப்ப வட கொரியா மட்டும் எப்படி சார் நடுக்கோட்ட தாண்டுனான்னு. பீரங்கின்னாரு. தென்கொரியா தலைநகரம் சியோல் எல்லையில இருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான், நமக்கு மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் உள்ள தூரம்கூட இல்ல, எல்லை நெடுக பீரங்கிய மலைக்குள்ள அடுக்கி வச்சிருக்கான், இவன் ரியாக்டர தொட்டா அங்க ஊரே போகும். அணுகுண்டு வர்ற வரைக்கும் அதுதான் அவனுக்கு கேடயம். 1985ல என்பிடில சேந்தான், 2003ல வெளிய போறேன்னு சொல்லிட்டான், அந்த ஒப்பந்தத்துலயே பத்தாவது பிரிவுல மூணு மாச நோட்டீஸ் குடுத்துட்டு போலாம்னு கதவு இருக்கு, நம்ம பிரைவேட் கம்பெனி ரிசிக்னேஷன் மாதிரி.

இந்தியா தாளு வந்த ஜோடி பேர கண்டுபுடிச்சுட்டாய்ங்க, அதுல சுவாரஸ்யம் கொஞ்சம் போச்சு. 1962ல சைனாகிட்ட அடி, 1964 அக்டோபர் 16 சைனா குண்டு வெடிக்குது, நேரு போய் அஞ்சு மாசந்தான் ஆகுது. அதே மாசம் நம்ம அணு விஞ்ஞானி ஹோமி பாபா ரேடியோவுல பேசுறாரு, 10 கிலோடன் குண்டு ஒண்ணு 17.5 லட்சம் ரூவால முடியும்னு. எனக்கு இது புதுசு, வெலைய சொல்லித்தான் ஆசைய கெளப்பியிருக்காய்ங்க. சாஸ்திரி பெரிய நாடுகள்ட்ட எங்களுக்கு பாதுகாப்பு உறுதி குடுங்கன்னு கேட்டு பாத்தாரு, உருப்படியா ஒண்ணும் கெடைக்கல. 1974 மே 18 பொக்ரான். கனடா குடுத்த ரியாக்டர்ல எடுத்த புளுட்டோனியம், அதான் குண்டுக்கு வேண்டிய சரக்கு, அமைதிக்கான வெடிப்புன்னு பேரு வச்சோம், கனடாக்காரன் கோவிச்சுக்கிட்டு போய்ட்டான், நம்மள மாதிரி இன்னொருத்தன் வந்துரக்கூடாதுன்னே அணு சாமான் விக்கிற நாடெல்லாம் சேந்து என்எஸ்ஜின்னு சங்கம் ஆரம்பிச்சாய்ங்க. அந்த சங்கமே 2008 செப்டம்பர்ல நமக்கு விதிவிலக்கு குடுத்துச்சு. 34 வருஷம் வெளிய நிக்க வச்சு அப்புறம் கதவ தெறந்தாய்ங்க. 98 மே மாசம் திரும்ப வெடிச்சதுக்கு அமெரிக்கா போட்ட தடையும் 2001 செப்டம்பர்லயே எடுத்தாச்சு. பாகிஸ்தானுக்கும் அதே. அவங்க பூட்டோ புல்ல தின்னாவது செய்வோம்னவரு, தடைக்கெல்லாம் எங்க அசரப் போறாய்ங்க. தடைங்கிறது தவணை மாதிரி, கட்டி முடிக்கிற நாள் ஒண்ணு இருக்குன்னு எல்லா நாட்டுக்கும் தெரியும். கலாம் ராணுவ உடுப்பு போட்டு பொக்ரான்ல சுத்துன கதைய சார் சொல்வாருன்னு பாதி கிளாஸ் காத்துக்கெடந்துச்சு, ஒரே வரில தாண்டிட்டாரு, ராமேஸ்வரத்துக்காரன் கதைய மதுரைல வச்சு இப்படி பண்ணலாமா, அது ஒரு குறைதான்.

பேங்க் அக்கா கார்கில கேட்டாங்க. 98ல ரெண்டு பேருகிட்டயும் குண்டு, 99ல சண்ட, அப்ப குண்டு எதத்தான் தடுத்துச்சு? பெரிய சண்டைக்கு கதவ சாத்துனதாலதான் சின்ன சண்டைக்கு தைரியம் வந்துச்சுன்னு சார் சொன்னாரு, இன்னும் பேசியிருக்கலாம், மணி ஆயிருச்சு.

இப்ப என் சண்டைக்கு வர்றேன். சார் சொன்ன கதை பூராவும் பயம், பயம், பயம். எனக்கு என்னமோ பாதி கதைதான்னு பட்டுச்சு. வீட்டுக்கு போய் தாத்தாகிட்ட சொன்னேன். அவரு மதுரை ரயில்வேல கலாசியா இருந்தவரு, 74 ஸ்ட்ரைக்குல சம்பளம் இல்லாம கெடந்தவரு. பொக்ரான்னு சொன்னதுமே மூஞ்சி மாறிப்போச்சு. "டேய், மே எட்டாந்தேதி நாங்க எறங்குறோம், நாடு பூரா ரயிலு நிக்கிது, பதினேழு லட்சம் பேருடா, தலைவருகள உள்ள தூக்கி போட்டுட்டாங்க, காலனிக்குள்ள போலீஸ் வந்து வீடு வீடா தட்டுறான். பத்து நாள் கழிச்சு பேப்பர பிரிச்சா ராஜஸ்தான்ல வெடி. டீக்கடைல அதுவரைக்கும் எங்களுக்காக பேசிக்கிட்டு இருந்தவனெல்லாம் இந்திரா அம்மாவ பத்தி பேசுறான்." அப்பறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "உங்க ஆத்தா அந்த மாசம் வளையல அடகு வச்சா"ன்னாரு. மே 27 ஸ்ட்ரைக் முடிஞ்சுபோச்சு.

இத அப்படியே நாலாவது வாரம் கிளாஸ்ல எந்திரிச்சு சொன்னேன். சைனா வெடிச்சு பத்து வருஷம் கழிச்சு, கரெக்டா அந்த வாரத்துல எதுக்கு சார்னு கேட்டேன். மத்த சென்டரா இருந்தா ஒக்காரு தம்பி சிலபஸ் ஓடணும்னுருப்பாய்ங்க. இவரு சாக்பீஸ கீழ வச்சுட்டு முழுசா கேட்டாரு. வேலை அதுக்கு முன்னாடியே வருஷக்கணக்கா நடந்துக்கிட்டு இருந்துச்சு, ஸ்ட்ரைக்குக்காக ராவோட ராவா செஞ்சது கெடையாதுன்னு மொதல்ல திருத்துனாரு, சரி, ஒத்துக்கிட்டேன். ஆனா எப்ப வெடிக்கணும்கிற முடிவு தலைவரு கையில இருக்கும்போது வீட்டு அரசியலும் அதுல கலக்கும்னு அவரே சொன்னாரு. 1996ல ஸ்காட் சேகன்னு ஒரு அமெரிக்க புரொபசர் இதத்தான் மூணா பிரிச்சு எழுதியிருக்காரு: எதிரி பயம், உள்நாட்டு அரசியலும் விஞ்ஞானி ராணுவம் இவங்களோட நெருக்கடியும், அப்புறம் கௌரவம். கௌரவத்துக்கு பிரான்ஸ் தாளு வச்சிருந்தாராம், அத வாங்குன பயலுக தூங்கிட்டாய்ங்க. 1956ல சூயஸ் கால்வாய் சண்டைல மூக்கறுபட்டு, காலனியெல்லாம் கைய விட்டு போய்க்கிட்டு இருந்த நேரத்துல, 1960 பிப்ரவரி 13 சகாரா பாலைவனத்துல வெடிச்சு, நாங்களும் பெரிய வீடுதான்னு காட்டுனது. பாதுகாப்பு சபைல நிரந்தர எடத்துல இருக்குற அஞ்சு பேருகிட்டயும் குண்டு இருக்கு, பாக்குறவனுக்கு ஆச வராதா. இந்த மூணு காரணமும் மெட்டீரியல்ல ஒரு வரி கெடையாது, கிளாஸ்லயும் பத்தே நிமிஷம். தாத்தா கதைய மெயின்ஸ்ல உதாரணமா எழுதலாமான்னு கேட்டேன், தேதிய எழுது, வளையல எழுதாதன்னாரு.

செய்யாதவங்க பக்கமும் சார் விட்டுறல. 1963ல கென்னடி பயந்தது எழுபதுகள்ல 15ல இருந்து 25 நாட்டுகிட்ட குண்டு இருக்கும்னு. இன்னைக்கு ஒம்போதுதான். ஜப்பான்கிட்ட 40 டன்னுக்கு மேல புளுட்டோனியம் இருக்கு, அறிவும் இருக்கு, பணமும் இருக்கு, செய்யல, அமெரிக்காவோட பாதுகாப்பு குடைக்குள்ள நிக்குது. திருமங்கலத்து அண்ணனுக்கு வந்த தென்னாப்பிரிக்கா ஆறு குண்டு செஞ்சு முடிச்சு அவங்களே பிரிச்சு போட்டாய்ங்க, 1993 மார்ச்ல அதிபர் டி கிளார்க் பாராளுமன்றத்துல சொன்னப்பத்தான் ஊருக்கே முறைப்படி தெரியும். அங்கோலால இவங்கள எதிர்த்து நின்ன கியூபா படை கெளம்பிருச்சு, சோவியத் ஒடஞ்சுருச்சு, பயம் போச்சு, குண்டும் போச்சு. ஆனா வெள்ளக்காரன் ஆட்சி கைமாறப் போற நேரம், கறுப்பின அரசு கைக்கு குண்டு போயிரக்கூடாதுன்னும் நெனச்சிருப்பாய்ங்கன்னு அண்ணன் ஒரு போடு போட்டாரு பாருங்க, கைதட்டு. ஐம்பது வயசு, நாலு தடவ குரூப் 2 எழுதுனவரு, இப்ப மகளோட சேந்து வர்றாரு.

ஈரான் பேச்சு மட்டும் உருப்படல. 2015ல பெரிய நாடுகளோட ஒப்பந்தம் போட்டு யுரேனியத்த 3.67 சதவீதத்துக்கு மேல செறிவூட்ட மாட்டேன்னு ஒத்துக்கிட்டான், 2018ல அமெரிக்கா வெளிய போச்சு, இவன் 60 வரைக்கும் ஏத்திட்டான், 2025ல குண்டு விழுந்துச்சு. இவ்வளவு சொல்றதுக்குள்ள நாலு பயலுக டிவி டிபேட் மாதிரி சலம்ப ஆரம்பிச்சு அர மணி நேரம் போச்சு. சார் சத்தம் போட மாட்டாரு, அது அவரு பலம், அன்னைக்கு அதுவே பலவீனம். "2015ல கையெழுத்து போட்ட ஈரான்காரன் ஆபீஸ்ல ஒக்காந்து அடுத்த ஒப்பந்தத்த படிச்சு பாரு"ன்னு மட்டும் சொல்லிட்டு பைய எடுத்துக்கிட்டாரு.

சித்திரை திருவிழா வாரம் லீவு விட்டாங்க, அது நியாயம், ஆத்துப்பாலம் தாண்டி யாரு வர்றது. அதுக்கு பதிலா ஒரு புதன்கிழம சாயங்காலம் வச்சாங்க, அது அநியாயம், வேலைக்கு போறவன் எப்படி வருவான், அந்த கிளாஸ் எனக்கு போச்சு, காசும் திரும்பல.

மார்க்கு: சார் அஞ்சுக்கு அஞ்சு. மெட்டீரியல் ஒண்ணு. ஆபீஸ் ஒண்ணரை, அந்த அரை கேன் தண்ணி எப்பவும் இருக்குறதுக்கு. மொத்தத்துல மூணரை போடுறேன். வெறும் பிட்டு பிட்டா ஃபேக்ட் மட்டும் வேணும், பிரிலிம்ஸ் பக்கத்துல வந்துருச்சுங்கிறவங்களுக்கு இது சரிப்படாது, மெயின்ஸ் எழுதுறவங்க போங்க. ரெக்கார்டிங்குக்கு 500 கட்டாதீங்க, வீடியோ மூணு ஓடுதான்னு மொதல்ல அவங்க ஃபோன்லயே ஓட விட்டு பாத்துட்டு கட்டுங்க. இடது கைக்காரங்க கடைசி வரிசைல சுவத்தோரமா இருக்குற பெஞ்சுக்கு 9.45க்கே போய் துண்ட போட்டுருங்க, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, எனக்கே அஞ்சாவது வாரந்தான் தெரிஞ்சுச்சு.